எந்தச் சன்னலுக்கும் தெரியாத கதவு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், இந்தக் கில்டாரன் ஊரில், இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். தேவாலயத்தை ஒட்டி நிற்கும், போதகர் குடியிருக்கும் குருமனையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1637-இல் பேர் தெரியாத ஒரு கொத்தன் கட்டியது. அதில் வேண்டாத கல் ஒன்றுகூட இல்லை. என் கதைகளில் பாதி வாக்கியங்களை உருவி எறிந்தாலும் யாரும் தேட மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "கூரையின் இரு பக்கச் சுவர்களும், காக்கைகள் ஏறிப்போகப் படி வெட்டியதுபோல—"

(வேண்டாம். அந்தப் படிகளை இந்த ஊரிலேயே காக்கைப் படி என்றுதான் சொல்வார்கள். ஊரார் பேச்சைத் திருடி உவமை என்று பீற்றிக்கொள்வானேன்.)

இரண்டாம் தொடக்கம்: "போதகர் ரோனா கில்கிறிஸ்ட்டுக்குக் குளிர் தாங்கவில்லை."

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

3

ரோனா கிளாஸ்கோக்காரர். கில்டாரன் சபைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருடைய படிப்பறை மாடியில். அங்கே போக இரண்டு வழி. முன்வாசலில் நுழைந்து, கூடமும் சமையலறையும் தாண்டி ஏறலாம். அல்லது வீட்டு மூலையில் ஒட்டியிருக்கும் உருண்டைக் கோபுரத்துக்குள் சுழன்று சுழன்று போகும் கல்படியில் ஏறலாம். அந்தப் படியின் அடியில் ஒரு குட்டைக் கதவு. குனிந்துதான் நுழைய வேண்டும். கடல் காற்றும் அதன் வழியாகத்தான் வரும். முதல் குளிர்காலத்தை எப்படியோ தள்ளிவிட்ட ரோனா, போன அக்டோபரில் கொத்தனார் மர்டோ பெய்னைக் கூப்பிட்டார்.

"இந்த வழிய அடைச்சுட முடியுமா, மர்டோ?"

"முடியும்."

"வீட்டுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"வீட்டுக்கு ஆகாது."

அடைத்துவிட்டார். சுண்ணாம்புக் கலவையில், நினைத்தால் எடுத்துவிடும்படி, அழகாக.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த ஊரில் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். கேட்காததற்குப் பதில் சொல்பவனை அதிகப்பிரசங்கி என்பார்கள்.)

4

அந்தக் குளிர்காலம் முழுக்க ரோனாவைத் தேடி ஒரு ஆள்கூட வரவில்லை. முந்தின வருஷம் வாரத்துக்கு மூன்று நான்கு பேர் வந்து உட்கார்ந்து மனசைக் கொட்டிவிட்டுப் போன இடம் அது.

மார்ச்சில் பட்டணத்துச் சபைக் குழுவிடமிருந்து ஒரு படிவம் வந்தது. ஆள் குறைந்த சபைகளை இணைத்துவிட்டு, போதகர் வீடுகளை விற்கப்போகிறார்கள். கேள்வி இதுதான்: இந்த ஆறு மாதத்தில் தனியாக உங்களைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர்? திங்கட்கிழமைக்குள் எழுத வேண்டும்.

ரோனா "யாருமில்லை" என்று எழுதினார். எழுதிவிட்டு அழுதார். அந்த ஊரை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு படித்த பெண்ணுக்கு அடைத்த கதவு உறைக்காதா? முன்வாசல்தான் இருக்கிறதே என்று நினைத்தார். பிறகு பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். நல்லவர்கள் அப்படித்தான்.)

சனிக்கிழமை மர்டோ கூரைத் தகரத்தைச் சரிபார்க்க வந்தார். ரோனா படிவத்தைக் காட்டினார்.

"ஊருக்கு எம்மேல கோவமா, மர்டோ? ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"

மர்டோ தொப்பியைக் கழற்றினார். "முன்வாசலுக்கு எதிர்க்க என்ன இருக்கு?"

"பெட்ரியம்மா கடை."

"சன்னல் ஓரமா எப்பவும் யாரு இருக்கா?"

"பெட்ரியம்மா."

"அப்புறம் எவன் வருவான்?"

ரோனா படிவத்தை மேஜைமேல் வைத்தார். "ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கல." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சொல்லியிருந்தா, ஒனக்கெப்படித் தெரியும்னு கேட்டிருப்பீங்க."

5

நானே போய்ச் சுற்றிப் பார்த்தேன். கோபுரத்தின் வயிறு அந்தக் கதவைத் தெருவிலிருந்து மறைக்கிறது. சமையலறைச் சன்னல் வேறு பக்கம் பார்க்கிறது. தேவாலயத்தின் அந்தச் சுவரில் சன்னலே கிடையாது. எதிரே கல்லறைகள் மட்டும்தான். அங்கே இருப்பவர்கள் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. படியேறி முடியும் இடத்தில் சுவருக்குள் குடைந்த ஒரு கல் இருக்கை. ஏறுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இறங்குகிறவர் முகம் துடைத்துக்கொள்ளலாம். ரோஷக்கார ஊருக்கு இப்படி ஒரு வீடு கட்டித் தந்தானே, அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

(அங்கே உட்கார்ந்தால் மூச்சு சீராகும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

6

அந்தச் சனிக்கிழமை பிற்பகலே மர்டோ அடைப்பை எடுத்துவிட்டார்.

முடிவு ஒன்று: ஊரே படிக்கட்டில் வரிசை கட்டி— (பொய். இவர்கள் வரிசையில் நிற்பது பேருந்துக்கு மட்டும்.)

முடிவு இரண்டு: யாரும் வரவில்லை. வீடு கைமாறி ஓட்டலாகி, படிப்பறையில் எவனோ குளியல்தொட்டியை— (மேலே எழுத மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ரோனா மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காற்று விசுவிசுவென்று ஏறி வருகிறது. ஐந்து மணிவாக்கில் கீழே தாழ்ப்பாள் தூக்கும் சத்தம். பிறகு காலடி. மேலே வந்து கல் இருக்கையருகே கொஞ்ச நேரம் நிற்கிறது. ரோனா "யாருமில்லை" என்பதை அடித்துவிடுகிறார்.

வந்தது யார்? மர்டோவின் வண்டி அப்போதும் தெருவில்தான் நின்றது; அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. பெட்ரியம்மாகூட அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்தியிருந்தார். நானும் என் கடையில் இல்லை.

அந்தக் கதவு எந்தச் சன்னலிலிருந்தும் தெரியாது. இந்தத் தாளிலிருந்து மட்டும் தெரிகிறது. அந்தக் கொத்தன் விடாத ஓட்டையை நானும் விட மாட்டேன். திங்கட்கிழமை ரோனா "ஒருவர்" என்று எழுதி அனுப்புவார். ஒரே ஒரு ஆளுக்காக ஒரு வீட்டையும் ஒரு போதகரையும் வைத்திருக்கலாமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். அந்த ஆள் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.