நியூகினிக்குக் கம்பளிக் கோட்டு

தெற்கே குளிரில் உட்கார்ந்திருந்த ராணுவ மேலிடத்துக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. ஏப்ரல் பிறந்தால் குளிர்காலம், குளிர்காலம் வந்தால் கம்பளி என்று உத்தரவு போட்டுவிட்டது. வடக்கே பிரிஸ்பேன் வெயில் அந்த உத்தரவைப் படிக்கவில்லை. பெண்கள் படைப் பிரிவில் இருந்தவர்கள் கம்பளிக் கோட்டு, கம்பளிப் பாவாடை, முழுக்கைச் சட்டை, டை, தடித்த காலுறை என்று போர்த்திக்கொண்டு வெந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. நியூகினிக்குப் பெண்களை அனுப்பப் போகிறார்கள் என்று சேதி வந்ததும், தட்டச்சுப் பிரிவிலிருந்த எல்வா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அவள் தம்பி லெஸ் அங்கேதான் செத்தான்; அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். "யாராவது ஒரு தடவ அவன் பக்கத்துல போய் நின்னுட்டு வந்தாக்கூடப் போதும்டி" என்று ஒவ்வொரு விடுப்பிலும் அம்மா சொல்லி அழுவாள்.

அந்த ஊர் வெப்பத்தை யார் தாங்குவார்கள் என்று பார்க்க, எல்லாரையும் முழுச் சீருடையில் மைதானத்தில் நிறுத்தினார்கள். எல்வா விதியை இம்மியும் மீறாதவள். உள்ளாடை வரை அரசாங்கம் கொடுத்ததையே உடுத்தி நின்றாள். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வர, வரிசையிலேயே சாய்ந்தாள்.

"வெயில் தாங்காத உடம்பு" என்று கேப்டன் ஆக்லண்ட் அம்மையார் அவளைக் கழித்துவிட்டார். நியூகினியில் கொடுக்கப்போவது மெல்லிய பருத்திச் சீருடை என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. கேப்டனுக்கு நினைவூட்டுவதற்கு விதியில் இடமில்லை.

அதே வரிசையில் அலுங்காமல் நின்று தேறியிருந்தாள் பக்கத்துக் கட்டில்காரி பெரில்.

"நீ மட்டும் எப்படிடி நின்ன?"

பெரில் கோட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு காலர், ஒரு டை, அதற்குப் பின்னால் கைக்குட்டை அகலத்துக்குச் சட்டைத் துணி. அவ்வளவுதான். முதுகும் கையும் வெறும் உடம்பு.

"அடிப்பாவி, சட்டைய வெட்டிட்டியா? அரசாங்கச் சொத்துடி!"

"நானும் அரசாங்கச் சொத்துதான். வெந்துபோனா அவங்களுக்குத்தான் நஷ்டம்."

ஏகப்பட்ட பேர் மயங்கி விழுந்ததில் ஆள் போதவில்லை. விழுந்தவர்களுக்கு மறுநாள் இன்னொரு வாய்ப்பு என்று அறிவித்தார்கள். எல்வா கத்தரிக்கோலை எடுத்தாள். தம்பியை நினைத்துக்கொண்டு வெட்டினாள்.

மறுநாள் கோட்டுக்குள் காற்று புகுந்து விளையாடியது. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்த நேரம் பார்த்து, கேப்டனுக்கு அதுவரை வராத இரக்கம் வந்து தொலைத்தது.

"பாவம், இன்னிக்கும் யாரும் விழ வேணாம். எல்லாரும் கோட்டக் கழட்டுங்கம்மா!"

வரிசை முழுவதும் அவசரமாகக் கழற்றியது. எல்வா மட்டும் அசையவில்லை.

"உனக்குத் தனியா சொல்லணுமா?"

"எனக்கு வேணாம் மேடம். குளிருது."

கேப்டன் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "நேத்து விழுந்தவதானே நீ?"

"ஆமா மேடம். ஒரே நாள்ல பழகிட்டேன்."

கேப்டன் பூரித்துப்போனார். "பாத்தீங்களா எல்லாரும்? நியூகினிக்கு இப்படி ஒருத்திதான் வேணும். முதல் ஆளா இவளச் சேத்துக்கோங்க!"

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததுமே எல்வாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. கேப்டனின் முகம் சுருங்கியது.

"என்னது, வேர்க்குதா?"

"இல்ல மேடம். அழறேன்."

"அப்பாடா! அழுகைன்னா பரவாயில்ல" என்றார் கேப்டன்.