புகைக் கொட்டகை வளைவில்

பொம்மை ரயில் சிமெண்ட் நீர்யானையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியதும், முதல் பெட்டியில் இருந்த சிறுமி இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்னங்களை உப்பவைத்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஓட்டுகிறவளுக்கு விளையாட்டில்லை. பூங்காவில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் அவள் ரயிலக்கா. அந்த வளைவை ஒட்டித்தான் புகை பிடிக்கிறவர்களுக்கான கொட்டகை இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி, மேலே தகரக் கூரை, நடுவில் திறந்த வெளி. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை எப்படியோ வழி கண்டுபிடித்து நேராக இஞ்சினுக்கு வந்து சேர்ந்துவிடும். ரயிலக்கா பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கல்லூரியில் படிக்கும் மகள் அவள் தலையை மோந்து பார்த்துவிட்டு, "பிடிச்சா பிடிச்சேன்னு சொல்லிடும்மா, நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்பாள்.

இரண்டு வருடமாக அவள் மேனேஜரை விட்டுவைக்கவில்லை. "குழந்தைங்க வர்ற இடத்துல அது எதுக்கு சார்?" என்று பார்க்கிற இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டாள். "மூடிட்டா கக்கூஸ்ல போய்ப் பிடிப்பாங்கம்மா, அப்புறம் அங்கே யாரு போறது?" என்று அவரும் நழுவிக்கொண்டே இருந்தார். தாய்மார்களின் புகார்கள் ஏறிக்கொண்டே போக, அன்று காலையில்தான் அவரே இஞ்சின் அருகில் வந்து நின்று, "மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் சங்கிலி போட்டுப் பூட்டிடறோம். இப்போ சந்தோஷமா?" என்றார். சந்தோஷம்தான். எதையோ ஜெயித்துவிட்டாற்போல அன்றைக்கு டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தாள்.

வேலை நாள் என்பதால் கூட்டமில்லை. ராட்டினம் ஆளில்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ரயிலில் அந்தச் சிறுமியும் அவள் அம்மாவும் மட்டும். சிறுமியின் தலையில் ஜிகினாத் தாள் ஒட்டிய காகிதக் கிரீடம், பிறந்தநாள் போலிருக்கிறது. நிலையத்தில் ரயில் நிற்கும்போதெல்லாம் அந்த அம்மா மணிக்கட்டில் கட்டியிருந்த டிக்கெட் பட்டையைத் தூக்கிக் காட்டி, "இன்னொரு ரவுண்டு போலாமா அக்கா?" என்றாள். நாள் முழுக்கச் செல்லும் பட்டை. எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். குழந்தை கேட்டு அம்மா அலுத்துக்கொள்வதுதான் வழக்கம். இங்கே குழந்தை, "போதும்மா, படகு போலாம்மா" என்று சிணுங்க, அம்மா இறங்க மாட்டேன் என்கிறாள்.

ரயிலக்கா கண்ணாடியில் அவளைக் கவனித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குளத்தைப் பார்க்கவில்லை, வாத்துகளைப் பார்க்கவில்லை. நீர்யானை வந்ததும் முதுகு நிமிர்கிறது. வளைவில் கழுத்து கொட்டகையின் பக்கம் திரும்புகிறது. வளைவு முடிந்து சிமெண்ட் குகைக்குள் நுழைந்தால் தோள் தொய்ந்துவிடுகிறது. புகார் எழுதுகிற ரகம் என்றுதான் ரயிலக்கா முதலில் நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பூட்டப்போகிறார்கள் என்று சொல்லிவிடலாமா என்று வாய்கூடத் துறுதுறுத்தது. அதற்குள் அந்தப் பெண் முன்னால் குனிந்து கேட்டாள்.

"அக்கா, அந்த வளைவுல மட்டும் கொஞ்சம் மெதுவா போக முடியுமா?"

இத்தனை வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. அந்த இடத்தில் வேகமாகப் போகச் சொல்லித்தான் திட்டியிருக்கிறார்கள்.

"புகையா வருமேம்மா. பாப்பா இருக்கா."

"தெரியும்க்கா." அவள் தயங்கினாள். "உள்ள ரெண்டு பேர் இருக்காங்க பாருங்க. நின்னுக்கிட்டு இருக்கறது எங்க வீட்டுக்காரர். பெஞ்சுல உட்கார்ந்திருக்கறது எங்க அண்ணன். பேசறாங்களான்னு பார்க்கணும்."

அவ்வளவுதான், ரயிலக்காவுக்கு அதற்குமேல் இருப்பு கொள்ளவில்லை. மணிக் கயிற்றை இழுத்துவிட்டு அடுத்த சுற்றைக் கிளப்பினாள். வளைவு வந்ததும் பெடலில் இருந்த காலைப் பாதி தூக்கினாள். ரயில் நத்தையானது. கொட்டகைக்குள் ஒல்லியான ஒருவர் சாம்பல் தொட்டியின் பக்கம் முதுகைக் காட்டிப் புகைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் மறு கோடியில், கனத்த உடம்புக்காரர் ஒருவர், பற்றவைக்காத சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். வேறு யாருமில்லை.

"நெருப்பு இருக்காது" என்றாள் ரயிலக்கா. "கேட்லயே லைட்டர், தீப்பெட்டி எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்குவாங்க. உள்ள தூண்ல ஒரு கரண்ட் லைட்டர் இருக்கு, அமுக்கினா கம்பி சிவக்கும். அது செத்து ஒரு மாசமாச்சு. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் பத்த வெச்சாத்தான் உண்டு. உன் வீட்டுக்காரர் முன்னால நின்னவங்ககிட்ட பத்த வெச்சிருப்பார்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்போ கேட்டுத்தானே ஆகணும்?"

"கேட்காம எழுந்து போயிட்டா?"

"எங்க அண்ணன் போவான். வீம்புக்குப் பொறந்தவன்."

குகைக்குள் இருட்டாக இருந்தது. இருட்டில் சொல்வது எளிது போலும், அவள் சொல்லிவிட்டாள். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் இருவரும் ஒன்றாக மொட்டை மாடிக்குப் போவதும், ஒன்றாக இறங்கி வருவதும், இரண்டு பேர் வாயிலும் பாக்கு மணப்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பேரும்தான் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கீழே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவதற்குள் அப்பா போய்விட்டார். வந்து நின்றவனிடம், சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்: "உனக்கு அதுதானே முக்கியம்."

"அவர் மனசுல ஒண்ணுமில்லக்கா. அழுகையில வந்துடுச்சு. ஆனா சொன்னது சொன்னதுதானே?" என்றாள் அவள். "இன்னைக்கு இவ பொறந்தநாள். அவன் வரலைன்னு இவர்கிட்ட சொன்னேன், இவர் வரலைன்னு அவன்கிட்ட சொன்னேன். கேட்ல பார்த்ததும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. எனக்கு உயிரே போச்சு. அப்புறம் பார்த்தா, ரெண்டு பேரும் இங்கதான் வந்து நிக்கறாங்க. பார்க்ல வேற எங்கயும் பிடிக்க முடியாதாமே?"

"முடியாது. இது ஒண்ணுதான்" என்றாள் ரயிலக்கா. சொன்ன பிறகுதான் மத்தியானம் போடப்போகும் பூட்டு நினைவுக்கு வந்தது.

அடுத்த தடவை வளைவில் இரண்டு தலைகளும் ஒன்றையொன்று முட்டுவது போலக் குனிந்திருந்தன. ஒல்லியானவர் தன் சிகரெட் நுனியை நீட்டிக்கொண்டிருந்தார். கனத்தவர் கன்னம் குழிய இழுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து ரயிலக்காவின் தோளை இறுகப் பற்றியது. ரயிலக்காவும் அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள். யார் என்றே தெரியாத இரண்டு பேருக்காக நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. இத்தனை வருடமாகப் புகையாக மட்டுமே தெரிந்த இடம். அங்கே நின்றவர்களின் முகங்களை ஒரு நாளாவது பார்த்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

நிலையத்தில் வந்து நின்றபோது வாக்கி டாக்கி கரகரத்தது. மேனேஜர்தான்.

"ரயிலக்கா, சங்கிலி ரெடி. ஆளுங்க கிளம்பிட்டாங்க. உள்ள இருக்கறவங்களைக் கிளப்பிட்டுப் பூட்டிடுவாங்க. உங்க ஆசை நிறைவேறிடுச்சு."

அந்தப் பெண்ணுக்கும் அது கேட்டது. சிறுமியின் தலையில் சரிந்திருந்த கிரீடத்தை நேராக்கினாள், நேராக இருந்ததை மறுபடி சரித்தாள்.

"சார், இப்போ வேண்டாம் சார்" என்றாள் ரயிலக்கா.

"என்னது?"

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பூட்டிக்கலாம் சார்."

மேனேஜரின் குரல் மெதுவாக வந்தது. "ஏம்மா, ரெண்டு வருஷமா என் உயிரை எடுத்தது நீங்கதானே?"

"எடுத்தேன் சார். சாயங்காலம் திருப்பிக் குடுத்துடறேன். இப்போ ஆளுங்களை நிறுத்துங்க."

"காரணம் என்ன?"

என்ன காரணம் சொல்வது? உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றா? கேட்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார். "வந்து சொல்றேன் சார்" என்று வாக்கி டாக்கியை அணைத்துவிட்டுப் பெடலை மிதித்தாள்.

இந்த முறை கனத்தவர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சா சண்டையா என்று சொல்ல முடியாதபடி கையை வீசினார். ஒல்லியானவர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார் என்று கேட்கலாம் என்றால் ரயிலின் கடகடப்பு எல்லாவற்றையும் விழுங்கியது. தட்டிக்கு வெளியே நீலச் சட்டை போட்ட இரண்டு ஆட்கள் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்றார்கள். அவர்களும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த சுற்றில் ஒல்லியானவர் முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். தோள்கள் குலுங்கின.

"சிரிக்கறாரா, அழறாரா?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியலையே. உனக்குத்தானேம்மா தெரியணும்?"

"தோளைப் பார்த்து எப்படிக்கா சொல்றது? அவர் சிரிச்சாலும் இப்படித்தான் குலுங்குவார்." சட்டென்று அவள் குரல் மாறியது. "ஐயோ, அண்ணன் ரெண்டாவது பத்த வைக்கறான். போன வருஷம்தான் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. தொடவே கூடாதுன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லியிருக்கார்." ஓடுகிற ரயிலில் எழுந்துவிட்டாள்.

"உட்காரும்மா! விழுந்து வைக்காதே!"

நிலையம் வந்ததும் அவள் குதித்து இறங்கிக் கொட்டகையின் பக்கம் விடுவிடுவென்று நடந்தாள். பாதி வழியில், பாப்கார்ன் வண்டிக்கு அருகில் நின்றாள். திரும்பி ரயிலக்காவைப் பார்த்தாள்.

"போய்ப் பிடுங்கிப் போடட்டுமா?"

ரயிலக்கா வாயைத் திறந்தாள். இதே கேள்வியை நேற்று கேட்டிருந்தால் பட்டென்று பதில் வந்திருக்கும். புகையில் நல்ல புகை கெட்ட புகை என்று உண்டா என்ன? அந்த மனிதரின் நெஞ்சுக்குள் ஒரு கம்பி இருக்கிறது. ஆனால் இவள் உள்ளே காலை வைத்தால் அந்தப் பேச்சும் அங்கேயே அறுந்துபோகும். மறுபடி எப்போது முளைக்கும், எந்த ஆஸ்பத்திரி வாசலில்? எது பெரியது என்று நிறுத்துப் பார்க்கும் தராசு அவளிடம் இல்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள். உண்மையும் அதுதான்.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள், அதையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சிறுமி பெட்டியில் இருந்தபடியே, "அம்மா, படகு!" என்று கத்தினாள். யாரும் அசையவில்லை.

அப்போது கொட்டகையில் இருந்து இருவரும் வெளியே வந்தார்கள். சேர்ந்து வரவில்லை. கனத்தவர் முன்னால், ஒல்லியானவர் நாலடி பின்னால். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. புகையில் நெடுநேரம் இருந்தாலும் கண் அப்படித்தான் சிவக்கும். சிறுமி கிரீடம் கழன்று விழ ஓடிப்போய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள். கிட்டே போனதும் மூக்கைப் பொத்தினாள்.

"மாமா நாத்தம்!"

"உங்கப்பா மட்டும் மணக்கறாராக்கும்?" என்றார் அவர். ஒல்லியானவர் கீழே கிடந்த கிரீடத்தை எடுத்துத் தட்டினார்.

"ரெண்டு பேரும் ரயில்ல வாங்க" என்று சிறுமி உத்தரவு போட்டாள். பிறந்தநாளன்று அவள் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? குழந்தைகளுக்கென்று செய்த பெட்டியில் இருவரும் உடம்பை மடக்கித் திணித்துக்கொண்டார்கள். கனத்தவரின் முழங்கால் தாடையைத் தொட்டது. நடுவில் சிறுமி.

"நீயும் வா" என்றார் கணவர்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தலை சுத்துது" என்றாள் அவள். சுற்றாமல் என்ன செய்யும், எத்தனை சுற்று போயிருக்கிறாள்!

ரயிலக்கா மணியடித்துக் கிளப்பினாள். கண்ணை முன்னால் வைத்துக் காதைப் பின்னால் வைத்திருந்தாள். குளம் கடந்தது, வாத்துகள் கடந்தன. கனத்தவர் ஒரு முறை இருமினார். "தண்ணி வேணுமா மச்சான்?" என்று தணிந்த குரலில் ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் வந்ததா, தலையாட்டல்தானா என்று கண்ணாடியில் பார்ப்பதற்குள் நீர்யானை வந்துவிட்டது.

வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி இப்போது யாரும் கேட்கவில்லை. கால் தானாகவே உயர்ந்தது.

கொட்டகை வாசலில் நீலச் சட்டைக்காரர்கள் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே, அலைந்த புகைக்கு நடுவில், அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தாள். தூணை, தொட்டியை, கூரையை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அவள் தலையை உயர்த்தி, மெல்ல ஊர்ந்து வரும் ரயிலில் இருவரும் பேசுகிறார்களா என்று தேடுவது போலப் பார்த்தாள்.

"அம்மா அங்க என்ன பண்றா?" என்றாள் சிறுமி.

பின்னால் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.