மந்திரி வீட்டுக்கு மஞ்சள் பட்டு

என் கணவர் செவரின், போலந்தின் ரகசிய அரசுக்குப் பாரிஸில் தூதர். அரசு ரகசியமாக இருந்தது சரி, தூதரையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1863 பிப்ரவரியிலிருந்து நான்கு மாதம் பிரெஞ்சு மந்திரியின் அலுவலக வாசலில் காத்துக் கிடந்து கால்சட்டை தேய்ந்ததுதான் மிச்சம். எங்கள் ஒரே மகன் தியோஃபில் லூப்லின் காட்டில் ரஷ்யப் படையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனோடு இருநூறு பேர், துப்பாக்கி நாற்பது. மற்றவர்கள் கையில் புல் அறுக்கும் அரிவாள். பிரெஞ்சுத் துப்பாக்கி போய்ச் சேர்ந்தால் பிழைப்பான், சேராவிட்டால் மாட்டான். எனக்குத் தெரிந்த ராஜதந்திரம் அவ்வளவுதான்.

ஜூனில் ஒருநாள் செவரின் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"மந்திரி பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். நாளைக்கு மத்தியானம் தோட்டத்துல விருந்து. அங்க அஞ்சு நிமிஷம் தனியாப் பேசலாம்னு அவர் செயலாளர் சொல்றான்."

"போயிட்டு வாங்க."

"நீயும் வரணும். ஆனா..." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறுப்பு வேணாமாம். நல்ல காரியம் நடக்குற வீடு. ரஷ்யத் தூதர் வேற வர்றாராம்."

இரண்டு வருஷத்துக்கு முன் வார்சாவில் எங்கள் ஊர்வலத்தை ரஷ்யப் படை சுட்டது. அன்றிலிருந்து போலந்துப் பெண்கள் எல்லோரும் நாட்டுக்காகத் துக்கம் காத்தோம், கறுப்பைத் தவிர எதையும் உடுத்தவில்லை. கறுப்பு உடுத்தினால் ரஷ்யப் போலீஸ் பிடிக்கும். வண்ணம் உடுத்தினால் நம்மவர்களே தெருவில் நிறுத்தி மேலே மையை ஊற்றுவார்கள். நானே ஒருத்தி மேல் ஊற்றியிருக்கிறேன். பச்சை உடை, புத்தம் புதுசு.

"செத்தாலும் மாட்டேன்."

"துப்பாக்கி யாருக்கு லியோ? எனக்கா? உன் புள்ளைக்கு."

மறுநாள் வாடகைக்கு எடுத்த மஞ்சள் பட்டில் மூன்று மணி நேரம் சிரித்தேன். மந்திரி என் கையை முத்தமிட்டார். சம்பந்தி வீட்டாரிடம் அழகான பதுமையைக் காட்டுவதுபோல என்னைக் காட்டினார். பிறகு செவரினை மரத்தடிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது செவரின் முகத்தில் ஈயாடவில்லை.

"துப்பாக்கி தர்றாராமா?"

"உன்னப் பத்திதான் பேசினார்."

"என்னப் பத்தியா?"

"'உங்க சம்சாரம் துக்கத்த விட்டுட்டாங்களே, ரொம்ப சந்தோஷம். பத்திரிகைல எழுதுற அளவுக்கு உங்க ஊர் நெலம மோசமில்லன்னு இப்பத்தான் தெரியுது'ன்னார். ரஷ்யத் தூதர் வேற அங்கயே வந்து பக்கத்துல நின்னு தலையாட்டறான்."

"கறுப்பு வேணாம்னது உங்க செயலாளர்தான்னு அவர்கிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டுட்டாங்க."

அந்த மஞ்சளை என் கையாலேயே கிழித்தெறியத் தோன்றியது. வாடகைத் துணி, அதையும் செய்ய முடியவில்லை. அந்த மாதமே மந்திரி ரஷ்யாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கலகக்காரர்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும்படி அதில் கேட்டிருந்தாராம். துப்பாக்கியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

ஆகஸ்டில் லூப்லினிலிருந்து ஒருவர் வந்தார். தியோஃபில் போய்விட்டான். பீரங்கிக்கு எதிரே அரிவாளோடு ஓடியிருக்கிறான். நான் தரையில் உட்கார்ந்தவள் எழவில்லை. செவரின் ஒரு மூச்சு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து குந்தினார்.

"எந்திரி லியோ. கறுப்பப் போட்டுக்க. மந்திரியப் பாத்துட்டு வந்துடலாம்."

"இப்பவா?"

"இப்பத்தான் பாக்கணும். பெத்தவ நேர்ல வந்து நின்னா யாருக்கும் மனசு இளகும். இன்னும் எத்தன பசங்க காட்டுல இருக்காங்க."

அந்த நிமிஷம் செவரினைக் கொன்று போட்டிருப்பேன். ஆனால் எழுந்தேன். பெட்டியிலிருந்து கறுப்பை எடுத்து உடுத்தினேன். கிளம்பும்முன் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அழுதது மந்திரிக்குத் தெரியும் அளவுக்கு வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன்.