வாசலில் நின்ற சப்பாத்து

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்ததும் அந்தச் சப்பாத்துச் சத்தம் கிளம்பிவிடும். உள்கட்டிலிருந்து முன்கட்டு, முன்கட்டிலிருந்து தெருவாசல். அங்கே கொஞ்சம் நிற்கும். பிறகு தாழ்ப்பாள் திறக்கும் ஓசை. போய்ப் பார்த்தால் தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருக்கும்.

அது யாரென்று ஆஸியா பீவிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சைகோனுக்குக் கப்பலேறப் புறப்பட்ட அன்று அவள் புருஷன் சேக் பரீது நடந்த நடை அது. அன்றும் வாசலில் அப்படித்தான் நின்றார். உள்கட்டுத் திரைக்குப் பின்னால் இவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சபர் என்று தூரப் பயணம் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது பட்டினத்துப் பெண்கள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். கூப்பிடாமல் அனுப்பிய மனுஷர் போன இடத்தில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். வழக்கம் யாரைக் காப்பாற்றியது?

மௌத்துச் சேதி வந்த மாதம் இந்தச் சத்தம் தொடங்கியது. ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றிருப்பார், நான்தான் ஊமையாய் அனுப்பிவிட்டேன் என்று மருகி மருகி ஆஸியா பாதியாகிப் போனாள். அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு நகரவே மாட்டாள்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி வெள்ளைக்காரனே மூட்டை கட்டிவிட்டான், சத்தம் மட்டும் போகிற வழியாயில்லை. அண்ணன் நூர் அகமது பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். நாளைக்குப் பள்ளிவாசல் லெப்பையை அழைத்துவந்து ஓதி அதை அடக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் இன்றுதான் கடைசி. பின்னாலிருந்து கூப்பிடத்தானே கூடாது, முன்னால் போய் மறித்தால் யார் கேட்பது என்று துணிந்து, ஆஸியா தெருக்கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். பேதைக்கு அந்த யோசனை வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பாங்கு முடிந்தது. சப்பாத்து வந்து அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே, திரைப்பக்கம், கண்ணாடி வளையல்கள் கிணுகிணுவென்று நடுங்கின.

அவள் கை மூளியாகி மூன்று வருஷம். ஆனாலும் அது அவள் வளையல்தான், அவர் புறப்பட்ட அன்று திரைக்குப் பின்னால் நடுங்கிய அவள் கைதான். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டிருக்கிறது. அதைக் கேட்கத்தான் அவர் நின்றிருக்கிறார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவைவிட்டு விலகி வழிவிட்டாள்.

"போயிட்டு வாங்க," என்றாள்.

தாழ்ப்பாள் ஓசை கேட்டது.

பொழுது சாய அண்ணன் வந்து, லெப்பையிடம் சொல்லியாயிற்று என்றார்.

"வரட்டும் நானா. அவுக பேருக்கு யாசீன் ஓதட்டும். சத்தத்தை ஒண்ணும் செய்ய வேணாம். அது பாட்டுக்குப் போயிட்டு வரட்டும்."