மூலை டீ

விடிந்தும் விடியாத நேரம். விடுதியின் பெரிய கூடத்தில் ஐந்து பேர் முழங்காலில் நின்றார்கள். முழங்காலுக்கு அடியில் மடித்த சாக்கு. சுடுமண் ஓடு பதித்த தரையில் பளபளப்புக்காக எப்போதோ பூசிய சீலர் கறுத்துப்போய், விடாப்பிடியாக ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் மருந்தை ஊற்றி ஊறவிட்டிருந்தார்கள். பழைய பூச்சு இளகிக் கூழாக எழும்பியதும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஓடுகளுக்கு இடையில் தங்கியதைச் சுரண்டியால் கிளற வேண்டும். கூழை வழித்து வாளியில் போட்டு, மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டு அலச வேண்டும். நிமிர்ந்தால் அடுத்த வரிசை காத்திருக்கும்.

ஐவரில் ஒருத்தியான அண்ணியின் கையுறை விரல் நுனிகளில் கிழிந்திருந்தது. புதிது கேட்டால், போன முறைதானே கொடுத்தேன், தின்றுவிட்டீர்களா என்பார் முதலாளி. தின்றது மருந்து. அது எதைத்தான் தின்னவில்லை? ரப்பரைத் தின்றது, நகத்தைத் தின்றது, அவள் கணவனின் நெஞ்சைத் தின்றது. இதே வேலையில் இருந்தவன்தான் அவன். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் விட்ட பிரஷ்ஷை இவள் எடுத்தாள். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கணவனின் தங்கையும் அதே கூட்டத்தில் வேலை பார்த்தாள். நாத்தனார் வார்த்தைக்கு வார்த்தை அண்ணி, அண்ணி என்று கூப்பிட, நரைத்த தலை மாமா, நெட்டையன், வேலை முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் பாட்டுக்காரி எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப்போனாள். நாத்தனார் லேசுப்பட்டவள் இல்லை. "எங்க அண்ணி எனக்கு முன்னாடி முட்டி போடுறதப் பாக்க எங்கம்மாவுக்குக் குடுத்து வைக்கலையே" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். இரண்டு பேரும் ஒரே தரையில்தான் முட்டி போட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

உரிப்பது முன்னால் நகரும் வேலை. சீலர் பூசுவது பின்னால் நகரும் வேலை. உள்மூலையில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். கவனம் பிசகினால் போச்சு, சுற்றிலும் ஈரம், முதுகில் சுவர். காயும்வரை கொக்கு மாதிரி நிற்க வேண்டியதுதான். அப்படி மாட்டிக்கொண்டவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். மூலை டீ என்று அதற்குப் பெயர். அதிகம் வாங்கித்தந்து நொந்தவன் நெட்டையன்.

மத்தியானத்துக்குள் தரை முழுக்க உரிந்து, ஓடு தன் சொந்தச் சிவப்பில் வெளியே வந்தது. முதலாளி வந்து பார்த்தார். நாளைக்குக் காலையில் பூசிவிட வேண்டும் என்றார். ஓடு குடித்த தண்ணீர் காலைக்குள் காயாது, அதற்குள் பூசினால் பூச்சு வெளுத்துவிடும் என்று மாமா மெதுவாக எடுத்துச் சொன்னார். விருந்தாளிகளை வாசலில் நிற்க வைக்கவா என்று கேட்டார் முதலாளி.

"ஜன்னலையாவது திறந்து வைங்கய்யா," என்றாள் அண்ணி. "சீலர் வாடை மண்டைக்கு ஏறும்."

"தூசி வந்து ஒட்டுறதுக்கா? யாருக்கு வேலை வேண்டாமோ அவங்க வெளிய போய்க் காத்து வாங்கலாம்."

மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். போன மழைக்காலத்தில், ஓடு காயவில்லை என்று சொன்ன கூட்டாளி ஒருவனை முதலாளி அன்றே அனுப்பிவிட்டார். அவன் சொன்னபடியே தரை வெளுத்தது. அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை எல்லா ஜன்னல்களும் தாழிடப்பட்டிருந்தன. நாலு பேர் நடுவில் தொடங்கி முன்வாசல் பக்கமாகப் பூசிக்கொண்டு வந்தார்கள். நாத்தனார் மட்டும் பின்பக்கக் கதவை நோக்கிப் பின்னால் நகர்ந்தாள். பூசி முடித்து, முதுகால் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை.

"அண்ணி, பூட்டியிருக்கு."

"மூலை டீ!" என்றான் நெட்டையன். அன்றைய முதல் சிரிப்பு அது. அண்ணியும்தான் சிரித்தாள்.

முன்வாசலில் நின்றிருந்த முதலாளி சிரிக்கவில்லை. காற்று வராமல் இருக்கப் பூட்டச் சொன்னதே அவர்தான், பூசுகிறவர்களிடம் அதைச் சொல்லவில்லை. சாவியைக் கேட்டதற்கு, கதவைத் திறந்தால் தூசி வரும், கொஞ்ச நேரம் நின்றால் தேய்ந்தா போய்விடுவாள் என்றார்.

நாத்தனார் இருமினாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தவள், சொல்லாமல் கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். தலை ஒரு பக்கம் தொங்கியது.

"யாரும் கால் வைக்காதீங்க!" என்று கத்தினார் முதலாளி.

யாரும் வைக்கவில்லை. அதுதான் கொடுமை. ஈரத்தை மிதிக்காதே என்று வருஷக்கணக்காகப் பழகிய கால்கள். ஆள் விழுந்து கிடக்கும்போதும் விளிம்பில் நின்றுவிட்டன. அண்ணியின் காலும் நின்றது. ஆனால் அடுத்த மூச்சில் அவள் ஓடினாள். ஒவ்வொரு அடியும் தரையோடு ஒட்டி ஒட்டிப் பிய்ந்தது. நாத்தனாரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பாதி சுமந்து பாதி இழுத்து, முன்வாசல் படிக்குக் கொண்டுவந்து போட்டாள். காற்று பட்டதும் நாத்தனார் வாந்தியெடுத்தாள். பிறகு கண் திறந்தாள்.

கூடத்தின் பளபளப்புக்குக் குறுக்கே ஒரு ஜோடிப் பாதத்தடம் போய்த் திரும்பியிருந்தது. முதலாளி அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்தார்.

"இது யாரு காலோ, அந்தக் கால் இனிமே என் வாசலை மிதிக்கக் கூடாது."

என் கால்தான் என்று சொல்ல அண்ணி வாயெடுத்தாள். சுவரைப் பிடித்து நிற்கும் கணவன் கண்ணில் வந்தான். குனிந்து நாத்தனாரின் வாயைத் துடைத்தாள்.

அதற்குள் நெட்டையன் ஈரத்தில் கால் வைத்துவிட்டான். மற்றவர்கள் திகைத்துப் பார்க்க, நேராகக் கோடியில் இருந்த ஜன்னலுக்கு நடந்து தாழை நீக்கினான். பாட்டுக்காரி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போனாள். மாமா வலிக்கும் முட்டியோடு மூன்றாவதற்குப் போனார். ஜன்னல் கதவுகள் படார் படாரென்று திறந்தன. காற்று தன் இஷ்டத்துக்கு உள்ளே வந்தது.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"காத்து வாங்குறோம்யா," என்றார் மாமா. "நீங்கதானே சொன்னீங்க."

"இப்பப் பாத்துச் சொல்லுங்க," என்றான் நெட்டையன், "எது யாரு காலுன்னு."

அண்ணிக்கு அழுகை வந்தது; பேச்சும் வந்தது. "திரும்ப உரிக்கத்தான்யா வேணும். நாங்களே உரிக்கிறோம். ஜன்னல் திறந்திருக்கணும். கதவைப் பூட்டக் கூடாது. ஓடு காயாம பூச மாட்டோம். போன மழையில அனுப்பினீங்களே, அவரையும் கூப்பிடணும்."

"உங்கள விட்டா ஊர்ல ஆளே இல்லையா? சாயங்காலத்துக்குள்ள வேற கூட்டத்த இறக்குறேன் பாருங்க." ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

இறக்கினாலும் இறக்குவார். பசி யாரை விட்டது? ஐந்து பேரும் படியில் உட்கார்ந்து, பாதத்தில் ஒட்டிய சீலரைச் சுரண்டியால் சுரண்டினார்கள். அது லேசில் வரவில்லை. உடம்பில் ஒரு எலும்பும் சொன்னபடி கேட்கவில்லை.

"வர்றவங்களுக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கே," என்றார் மாமா. "அவரு பேசறதுக்குள்ள அவங்ககிட்ட நாம போய்ப் பேசுவோம்."

நாத்தனார் அண்ணியின் தோளில் சாய்ந்திருந்தாள். குரல் கரகரத்தது. "மூலை டீ நான்தானே வாங்கணும்?"

"இன்னைக்கு எல்லாரும்தாண்டி மூலையில மாட்டியிருக்கோம்," என்றாள் அண்ணி. "எல்லாரும் சேர்ந்து வாங்குவோம். எந்திரி."

நாத்தனாருக்கு ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் பாட்டுக்காரி கை கொடுத்தார்கள். மற்ற கூட்டங்கள் வேலைக்குக் காத்திருக்கும் முக்கு டீக்கடையைப் பார்த்து ஐந்து பேரும் வெறுங்காலோடு நடந்தார்கள்.