ஊசியக்காவின் கையெழுத்து

அந்தப் பகுதியில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஊசியக்காவிடமிருந்து தப்பியதில்லை. சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. ஊசி நாளன்று வராத தாய்மாரை வீடு தேடிப் போய்ப் பிடிப்பாள். "அழுதா அழட்டும்டி, அதுக்காக விட்டுட முடியுமா?" என்று அதட்டிவிட்டு, பெற்றவள் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் தொடையில் குத்திப் பஞ்சை வைத்து அழுத்திவிடுவாள். தெருமுனையில் அவள் தலை தெரிந்தாலே பொடிசுகள் ஓட்டம் பிடிக்கும். அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

அப்பேர்ப்பட்டவள் தன் மகளுக்கு ஊசி போடவில்லை. நம்ப முடிகிறதா? முதல் முத்தடுப்பு ஊசி மட்டும் போட்டாள். தொடை வீங்கி, காய்ச்சலடித்து, குழந்தை இரண்டு நாள் கத்து கத்தென்று கத்தியது. புருஷன் விபத்தில் போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த தவணைக்கு மருந்தை உறிஞ்சிக் கையில் எடுத்தாள், கை வரவில்லை. சளி பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, அட்டையில் மட்டும் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் மகள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள், இவள் அட்டையில் எழுதினாள். பதினாறு வயதில் மகளே கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எழுதிடும்மா, யாருக்குத் தெரியப் போகுது" என்றாள். அதையும் எழுதினாள்.

ஊருக்கே பாடம் எடுக்கிறவளுக்கு அது மடத்தனம் என்று தெரியாதா? தெரியும். ஆனால் அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு பிள்ளை விடாமல் என் கையாலேயே போட்டிருக்கிறேன், பிறகு என் மகளுக்கு நோய் யாரிடமிருந்து வரும்? மகள் வீட்டில் இருந்தவரை அந்த நியாயம் செல்லுபடியானது.

கல்லூரி விடுதியில் அறைக்கு நான்கு பேர், நான்கும் வேறு வேறு ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் அட்டைகளை எந்த ஊர் ஊசியக்கா எழுதினாளோ, யார் கண்டது. மூன்றாம் மாதம் தொண்டை வலி என்று மகள் வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல்கூட லேசாகத்தான் இருந்தது. கழுத்து மட்டும் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. ஊசியக்கா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏடு படிந்திருந்தது. பாடப் புத்தகத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த, முத்தடுப்பு ஊசி தடுக்கிற தொண்டை அடைப்பான் நோய். அப்போதே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரும் அந்த ஏட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "டிப்தீரியா மாதிரி இருக்கே. ஊசியெல்லாம்..." என்றபடி அட்டையை வாங்கிப் புரட்டினார். முகம் தெளிந்துவிட்டது. "ஒண்ணு விடாம போட்டிருக்கீங்க. சிஸ்டர் வீட்டுப் பொண்ணாச்சே, கேட்கணுமா! இது வேற ஏதோ தொற்று. ஆன்டிபயாடிக் போடுவோம், சாம்பிள் ரிசல்ட் வரட்டும்."

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த நோய் கக்குகிற விஷத்தை முறிக்கத் தனியாக ஒரு மருந்து உண்டு. அதை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் வேலை போகும், மானம் போகும், பெற்ற மகளையே கெடுத்தவள் என்று பேராகும். ரிசல்ட் வேறாக வந்துவிடாதா என்று ஒரு முழு நாள் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பாவி, ஒரு முழு நாள்! மறுநாள் காலை மகள் மூச்சை இழுக்கிற சத்தம் மாறியதும்தான் ஓடினாள்.

"போடல சார். முதல் ஊசி ஒண்ணுதான் போட்டேன். மத்ததெல்லாம் சும்மா எழுதினது."

டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மருந்துக்கு ஆள் அனுப்பினார். அது வந்து சேர மதியமாகிவிட்டது. ஏடு கரைந்தது, கழுத்து வடிந்தது. ஐந்தாம் நாள் மகள் பால் குடித்துவிட்டு, "கடைசிவரைக்கும் உன் ஊசிக்கு டிமிக்கி கொடுத்துட்டேன் பார்த்தியா" என்று கரகரத்த குரலில் கேலி வேறு பேசினாள். ஊசியக்காவும் சிரித்து வைத்தாள். பன்னிரண்டாம் நாள் கழிவறைக்குப் போக எழுந்த பெண் இரண்டடி வைத்துச் சரிந்தாள். விஷம் எப்போதோ இதயத்துக்குப் போயிருந்தது. பத்தொன்பது வயது.

டாக்டர் ஊசியக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க சொன்னதை நான் எங்கயும் எழுதல சிஸ்டர். பொண்ணும் போய், வேலையும் போகணுமா? நமக்குள்ளயே இருக்கட்டும்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ஊசி நாளன்று நாற்பது பேர் வரவேண்டிய இடத்தில் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். மூன்றாம் வாரம் ஈ காக்கை இல்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரி, கேட்கக் கேட்க மென்று விழுங்கி, கடைசியில் சொன்னாள்: "வெளியில பேசிக்கிறாங்க அக்கா. ஊசியக்கா மகளுக்கே எல்லா ஊசியும் போட்டும் செத்துப்போச்சாம், அப்புறம் நம்ம பிள்ளையை எதுக்குக் குத்தி அழ வைக்கணும்னு கேக்கறாங்க."

ஊசியக்கா காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிற்கும், பேர் நிற்கும். இந்தத் தெருப் பிள்ளைகள் ஒன்றொன்றாக அந்தக் கட்டிலில் போய்ப் படுக்கும். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள். மூன்று பிள்ளைக்காரி, வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்கிறவள். அவள் வந்தால் தெருவே பின்னால் வரும்.

தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "வாங்கக்கா. உங்க முகத்தைப் பார்க்கவே மனசு கேக்கல."

"கைப்பிள்ளைக்குத் தவணை தாண்டிப் போச்சு."

"தப்பா நினைக்காதீங்க. எல்லாம் போட்ட உங்க பொண்ணுக்கே இப்படின்னா..."

"போடல."

"என்னக்கா?"

"என் பொண்ணுக்கு நான் போடலடி. வலிக்கும்னு பாவம் பார்த்தேன். அட்டையில மட்டும் எழுதி வெச்சேன். அவ ஊசி போட்டுச் சாகல, போடாமதான் செத்தா. நான்தான் கொன்னேன். நாளைக்கு ஆபீசிலயும் எழுதிக் கொடுத்துடறேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு. இப்ப பிள்ளையைத் தூக்கிட்டு வா."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது. உள்ளே போனாள். அப்பாடா, வழிக்கு வந்துவிட்டாள் என்று ஊசியக்கா பையைத் திறந்து பஞ்சை எடுத்து வைத்தாள்.

திரும்பி வந்தவள் கையில் பிள்ளை இல்லை. மூன்று அட்டைகள் இருந்தன. கட்டத்துக்குக் கட்டம் ஊசியக்காவின் கையெழுத்து.

"மூத்ததுங்க ரெண்டுக்கும் பள்ளிக்கூடத்துல வெச்சுப் போட்டதா எழுதியிருக்கீங்க. நான் கூட இல்லையே. நிஜமாவே போட்டீங்களாக்கா?"

"போட்டேன்டி. சத்தியமாப் போட்டேன்."

 தையல்காரி அட்டைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரிக்கா, நீங்க போங்க" என்றாள்.