சாகாதவரும் ஷாஜியாவின் எட்டும்

ரெஜிஸின் ஆட்டத்துக்குள் நாலாயிரம் வருஷமாகச் சாகாமல் இருந்த நெடுங்காலர், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், பாலக்கரையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். முழங்கால் வரை வெள்ளைத் தாடி, கையில் வெள்ளிக் கோல். டிக்கெட் எடுத்துத்தான் வந்தார் என்று கண்டக்டர் பிற்பாடு உறுதியாகச் சொன்னார். டீக்கடையில் நின்றவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாடகக் கம்பெனி ஆள் என்று முடிவுகட்டி, டீயைக் குடிக்கப் போய்விட்டார்கள்.

அவர் ஆட்டத்தை விட்டு வெளியேறக் காரணம் ஷாஜியா. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், ரெஜிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வாராவாரம் நாலு பேர் ஆடும் ஆட்டம் அது. ரெஜிஸ் கதை சொல்வான். மற்றவர்கள் திருடி, வில்லாளி, வைத்தியர் என்று வேஷம் கட்டிக்கொண்டு கதைக்குள் நடப்பார்கள். வாழைப்பழம் பறிப்பதென்றாலும் இருபது முகப் பகடையை உருட்டித்தான் பறிக்க வேண்டும். ஒன்று விழுந்தால் வழுக்கி விழ வேண்டியதுதான். நெடுங்காலருக்கு மட்டும் அந்தத் தொல்லையே கிடையாது, அவர் ரெஜிஸின் செல்லப்பிள்ளை. ஷாஜியாவின் திருடி பாதாளக் கோட்டைப் பூட்டில் கை வைக்கும் நேரம் பார்த்து வானத்திலிருந்து இறங்குவார், கோலால் ஒரு தட்டு, கதவு திறந்துவிடும். மூன்று வருஷமாக இதே கூத்து. "எல்லாத்தையும் அவரே முடிச்சுடுவாருன்னா நாங்க எதுக்குங்க, முறுக்கு திங்கவா?" என்று கேட்டுவிட்டு ஷாஜியா எழுந்துவிட்டாள். ரெஜிஸ் ரோஷக்காரன், ஆனாலும் நியாயம் தெரிந்தவன். நெடுங்காலர் தூர தேசம் புறப்பட்டார் என்று அன்றே அறிவித்தான். போனவர் பாலக்கரையில் இறங்கினால் அவன்தான் என்ன செய்வான்? தன் மொட்டைமாடியில் தங்க இடம் கொடுத்தான்.

வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மோட்டார் போடாமலே மூன்றாம் மாடிக் குழாயில் தண்ணீர் ஏறியது, அதுவரை சரி. பொன்மலை மைதானத்தில் அடித்த பந்தெல்லாம் சிக்ஸருக்குப் போகவே, கிரிக்கெட் ஒரே வாரத்தில் அலுத்துப்போய், பையன்கள் வீட்டில் உட்கார்ந்து அம்மாக்களின் உயிரை வாங்கினார்கள். மணப்பாறைச் சந்தையில் மாடுகள் தங்கள் விலையைத் தாங்களே சொல்லிவிட்டதால் தரகர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் விடிவதற்குள் எல்லா வாசலிலும் கோலம் விழுந்திருந்தது. "என் ஆத்து வாசல்ல கோலம் போட இவர் யாராம்?" என்று கோமளவல்லி மாமி ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் கொட்டிவிட்டுத் தானே போட்டார். கொஞ்சம் கோணலாக வந்தது. மாமிக்குத் திருப்தி.

ஷாஜியா அரியமங்கலத்தில் போல்ட்டு நட்டு செய்யும் பட்டறையில் கணக்குப் பார்ப்பவள். ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள், லைசென்ஸ் இல்லை. அதற்கு ஆர்.டி.ஓ. மைதானத்தில் வரைந்த எட்டின் மேல், காலை ஊன்றாமல் வண்டியை வளைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு முறை ஊன்றிவிட்டாள். "எட்டெல்லாம் உனக்கு வராதும்மா. அண்ணன் நான் இருக்கேன்ல?" என்பான் இம்தியாஸ். பாசக்காரன்தான். ஆனால் சாயங்காலம் அவளை அழைத்துப்போக அவன் வரும்போதுதான் வருவான். தெருவிளக்கு எரியும்வரை பட்டறை வாசலில் நின்று நின்று, தன் பொழுது தன் கையில் இல்லை என்ற ஆத்திரம் அவளுக்கு நெஞ்சு வரை ஏறியிருந்தது.

மூன்றாம் முறை போன அன்று வண்டி அவளைக் கேட்காமலே கிளம்பிற்று. அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அது அழகாக வளைந்து, எட்டை முடித்து, இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றது. அவர் பாஸ் போடப் பேனாவைத் திறந்தார். ஷாஜியாவுக்கு அந்தப் பேனாவின் மேல் அப்படியொரு ஆசை. இருந்தும், "சார், இது நான் போட்டதில்லைங்க. வண்டியே போட்டுக்கிச்சு" என்றாள். இன்ஸ்பெக்டர் யோசித்தார். "அப்ப வண்டிக்குத்தான் லைசென்ஸ் குடுக்கணும். நீங்க அடுத்த வாரம் வாங்க."

நேரே பொன்மலைக்கு வந்து மொட்டைமாடி ஏறினாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"உதவிதானே தாயே செய்தேன்?" என்றார் நெடுங்காலர், நிஜமாகவே புரியாமல்.

"நான் விழுந்தாலும் அது என் எட்டுங்கய்யா." அவள் பக்கத்தில் நின்ற ரெஜிஸிடம் திரும்பினாள். "இவருக்காக ஒரு தடவையாச்சும் பகடை உருட்டியிருக்கீங்களா?"

ரெஜிஸ் தலையைச் சொறிந்தான். கோளாறு எங்கே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி நெடுங்காலர் எந்த அற்புதம் செய்வதானாலும் பகடை உருட்டிவிட்டே செய்ய வேண்டும் என்று, கதை சொல்பவன் என்ற முறையில், அங்கேயே சட்டம் போட்டான். ஆட்டத்துக்காரர் ஆட்டத்தின் சட்டத்தை மீற முடியாது. டீ அடுப்பைப் பார்வையால் பற்றவைப்பதாகச் சொல்லி அவர் உருட்டினார். ஒன்று. தாடி நுனி பொசுங்கியது. பொசுங்கியதை முகர்ந்து பார்த்துவிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தை போல, "இன்னொரு முறை" என்றார்.

அடுத்த வாரம் மைதானத்துக் கயிற்றுக்கு அப்பால் இம்தியாஸும் நெடுங்காலரும் நின்றார்கள். இரண்டாவது வளைவில் வண்டி ஆடியது. ஷாஜியாவின் இடது கால் பலகையை விட்டு இறங்கி, தரைக்கு ஒரு விரற்கடை மேலே தத்தளித்தது. நெடுங்காலரின் உள்ளங்கையில் பகடை சூடாகக் கிடந்தது; உருட்டியிருந்தால் என்ன விழுந்திருக்குமோ தெரியாது. அவர் உருட்டவில்லை. பகடையின் முனைகள் கையில் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் தானாக மேலே ஏறியது. எட்டு கோணலாகத்தான் முடிந்தது, ஆனால் முடிந்தது. அதுவரை அவள் வண்டியை ஓட்டிவந்த இம்தியாஸ் தன் ஹெல்மெட்டைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

இப்போதெல்லாம் நெடுங்காலர் ஞாயிறு தோறும் மேஜையில் ஐந்தாம் ஆளாக உட்கார்ந்து, ஆடு மேய்க்கும் ஒரு நோஞ்சான் பையனாக ஆடுகிறார். அந்தப் பையன் வாராவாரம் செத்துப்போகிறான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பையனுக்குப் பெயர் யோசிப்பார். பாதாளக் கோட்டைப் பூட்டை ஷாஜியா தானே திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை, அது வேறு கதை. கோமளவல்லி மாமியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, ஸ்கூட்டரில் அவளேதான் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனாள். காவிரிப் பாலத்தின் நடுவில், எதிர்க்காற்றில் தாடி பறக்க, அவர் பின்னாலிருந்து கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

"மெதுவாப் போம்மா, செத்துக்கித்துப் போயிடப் போறேன்."

"சரிங்கய்யா" என்று ஷாஜியா வேகத்தைக் குறைத்தாள்.